ஒரு பகல் கரை: செயிண்ட் ஹெலினாவில் இறங்கியவர்கள்

செயிண்ட் ஹெலினா என்னும் பெயரை நம்மில் பெரும்பாலோர் முதன்முதலில் கேட்டது பள்ளி வரலாற்றுப் பாடத்தின் கடைசிப் பத்தியில்தான். வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியன் அத்தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1821-இல் அங்கேயே இறந்தார். பத்தி முடிந்தது, பாடமும் முடிந்தது. அந்தத் தீவு எங்கே இருக்கிறது, நெப்போலியனுக்கு முன்னும் பின்னும் அங்கே யார் வாழ்ந்தார்கள் என்று ஆசிரியரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. ஒரு பேரரசரைத் தொலைப்பதற்கென்றே கடலுக்கு நடுவில் யாரோ போட்டுவைத்த கல் என்பதாகவே அது நம் மனத்தில் தங்கிவிட்டது.

தேசப்படத்தை விரித்துப் பார்த்தால் அந்த எண்ணம் முற்றிலும் தவறென்றும் சொல்ல முடியாது. தென் அட்லாண்டிக் கடலில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தொலைவில், 122 சதுர கிலோமீட்டர் பரப்பில் எரிமலைப் பாறையாக நிற்கிறது அது. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை நாலாயிரத்து ஐந்நூறைக்கூட எட்டவில்லை. ஒரே நகரம் ஜேம்ஸ்டவுன். இரு செங்குத்தான மலைகளுக்கிடையே ஒரு பள்ளத்தாக்கில் ஒடுங்கிக் கிடக்கும் ஊர். உல்லாசப் பயணக் கப்பல்கள் இன்றும் அங்கே செல்கின்றன. அவை கரையை ஒட்டி நிற்பதில்லை, விரிகுடாவில் நங்கூரமிடுகின்றன. பயணிகள் சிறு படகுகளில் ஏறிக் கற்படிகளுக்கு வருகிறார்கள். அலை ஏறி இறங்கும் கணத்தைப் பார்த்து, படிகளின்மேல் தொங்கவிடப்பட்டிருக்கும் கயிற்றைப் பற்றிக்கொண்டு கரையில் காலை வைக்க வேண்டும். கடல் சீறினால் இறங்குதல் இல்லை. இவ்வளவு தூரம் வந்தும் தீவைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். இறங்கியவர்க்கும் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பகல். 699 படிகள் கொண்ட யாக்கோபின் ஏணி, நெப்போலியன் வாழ்ந்த லாங்வுட் மாளிகை, அவருடைய வெற்றுக் கல்லறை, ஆளுநர் மாளிகைப் புல்வெளியில் மேயும் முதிய ஆமை. மாலையில் மீண்டும் கயிறு, மீண்டும் படகு.

நாம் அத்தீவைக் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் அதைப் பற்றிப் படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகிறது: செயிண்ட் ஹெலினாவின் வரலாறே இப்படி ஒரு பகல் கரையிறங்கியவர்களின் வரலாறுதான். அவர்களில் எழுதத் தெரிந்தவர்களும் எழுதப்பட்டவர்களும் மிகச் சிலர். மற்றவர்களைப் பற்றியும் சிறிது பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

அத்தீவு ஒரு துறைமுகமானதற்குக் காரணம் காற்று. இந்தியாவிலிருந்து ஐரோப்பா திரும்பும் பாய்மரக் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியவுடன் தென்கிழக்கு வியாபாரக் காற்று அதைப் பின்னின்று தள்ளத் தொடங்கும். அக்காற்றின் வழியில், குடிநீர் தீர்ந்துவரும் வேளையில் செயிண்ட் ஹெலினா எதிர்ப்படும். ஐரோப்பாவிலிருந்து இந்தியா நோக்கி வரும் கப்பல்களுக்கோ அதே காற்று எதிர்க்காற்று. அவை மேற்கே பிரேசில் பக்கமாக வளைந்து சென்றன. ஆகவே இது பெரும்பாலும் திரும்பிச் செல்பவர்களின் துறைமுகம். கோவாவிலும் சென்னையிலும் கல்கத்தாவிலும் பொருளீட்டியவர்கள், நோயுற்றவர்கள், பதவி இழந்தவர்கள், பதவி உயர்வு பெற்றவர்கள், தாய்நாட்டுக்குப் படிக்க அனுப்பப்பட்ட குழந்தைகள் ஆகியோரே இங்கே இறங்கினார்கள். பல மாதங்கள் உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த ரொட்டியும் தின்று, ஈறு வீங்கிப் பற்கள் ஆடும் ஸ்கர்வி நோயோடு வந்தவர்களுக்கு அங்கே கிடைத்த ஓடைநீரும் கீரையும் எலுமிச்சையும் உயிர் மருந்தாக இருந்தன.

போர்த்துகீசியர் 1502-இல் இத்தீவைக் கண்டபோது அங்கே மனிதர் எவரும் இல்லை. ஆடுகளை விட்டார்கள், பழமரங்கள் நட்டார்கள், குடியேறவில்லை. அங்கே முதலில் குடியிருந்தவர் ஓர் அரசாங்கத்தால் அனுப்பப்பட்டவர் அல்லர். கோவாவிலிருந்து திரும்பும் வழியில் கரையிறங்கி, கப்பலுக்குத் திரும்ப மறுத்துவிட்ட ஒருவர்.

அவர் பெயர் பெர்னாவ் லோப்பஸ். போர்த்துகீசியப் படைவீரர். கோவாவில் தம் கூட்டத்தை விட்டு பீஜப்பூர் சுல்தானின் பக்கம் சேர்ந்தவர். 1512-இல் பிடிபட்டபோது, உயிருக்கு உறுதி அளித்திருந்த ஆளுநர் அல்புகெர்க், உயிரை விட்டுவிட்டு உடலைச் சிதைத்தார். மூக்கும் காதுகளும் வலக்கையும் இடக்கைப் பெருவிரலும் வெட்டப்பட்டன. அல்புகெர்க் இறந்த பிறகு லோப்பஸ் நாடு திரும்பக் கப்பலேறினார். வழியில் தண்ணீர் எடுக்கக் கப்பல் செயிண்ட் ஹெலினாவில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள், லோப்பஸ் காட்டுக்குள் ஒளிந்துகொண்டார். இந்த முகத்தோடு மனைவி மக்கள் முன் எப்படி நிற்பது என்று அவர் நினைத்தாரோ என்னவோ. தேடிச் சலித்த மாலுமிகள் ரொட்டியும் நெருப்பும் சில துணிகளும் கரையில் வைத்துவிட்டுப் பாய் விரித்தார்கள்.

அதன்பின் கப்பல் வரும்போதெல்லாம் அவர் மறைந்துகொள்வார். கப்பல் போனபின் கரையில் விட்டுச்சென்றவற்றை எடுத்துக்கொள்வார். ஒருமுறை கப்பலிலிருந்து தவறி விழுந்து கரையொதுங்கிய சேவல் ஒன்றைக் காப்பாற்றி வளர்த்தார் என்றும், அது நாய்க்குட்டிபோல் அவர் பின்னாலேயே திரிந்தது என்றும் போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கையில்லாத அம்மனிதர் எஞ்சிய விரல்களால் மண்ணைக் கிளறித் தோட்டம் போட்டார். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் அவரை வற்புறுத்தி லிஸ்பனுக்கு அழைத்துச் சென்றார்கள். அரசரைக் கண்டார், ரோமுக்குச் சென்று போப்பாண்டவரிடம் பாவமன்னிப்புப் பெற்றார். வேறென்ன வேண்டும் என்று கேட்டபோது, தம்மைத் தம் தீவிலேயே கொண்டுபோய் விடும்படி வேண்டினார். 1540-களின் நடுவில் அங்கேயே இறந்தார்.

ராபின்சன் குரூசோ என்ற கதாபாத்திரம் பிறப்பதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி இது. ஆனால் குரூசோ தீவிலிருந்து தப்ப விரும்பியவர். லோப்பஸ் தீவுக்குத் தப்பியவர். நம் நோக்கில் இவ்வேறுபாடு முக்கியமானது. எல்லோருக்கும் ஓய்வுக்கான கரையாக இருந்த ஓரிடம், ஒருவருக்கு மட்டும் மனிதப் பார்வையிலிருந்து விடுதலை தரும் இடமாக இருந்திருக்கிறது.

*

1659-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தீவைக் கைப்பற்றிக் கோட்டை கட்டியது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்புதான் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்கான இடம் அதற்குக் கிடைத்திருந்தது. 1673-இல் டச்சுக்காரர்கள் தீவைப் பிடித்துச் சில மாதங்கள் வைத்திருந்ததைத் தவிர்த்தால், 1834 வரை அது கம்பெனியின் உடைமையே. சென்னைக் கோட்டையும் ஜேம்ஸ்டவுனும் ஒரே முதலாளியின் இரு கடைகள். ஒன்றில் சரக்கு ஏறும், மற்றொன்றில் சரக்கேற்றிய கப்பல் இளைப்பாறும்.

கம்பெனியின் தீவில் உழைத்தவர்கள் யார்? இங்கிலாந்திலிருந்து வந்த குடியேறிகள் சிலர். அவர்களுக்காக உழைக்க மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள். கரையிறங்கும் பயணிக்குத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்ததும், மலையுச்சித் தோட்டங்களிலிருந்து காய்கறிகளைத் தலையில் சுமந்து வந்ததும் அவர்கள்தாம்.

இதைப் பற்றி ஒரு சுவையான நிகழ்ச்சி உண்டு. மாலுமி ஜேம்ஸ் குக் தம் முதல் உலகப் பயணத்திலிருந்து திரும்பும்போது 1771 மே மாதம் சில நாட்கள் இங்கே தங்கினார். உடன் வந்த தாவரவியலாளர் ஜோசப் பாங்க்ஸும் கரையிறங்கிச் சுற்றினார். இருவருடைய நாட்குறிப்புகளையும் கலந்து ஹாக்ஸ்வொர்த் என்பவர் தொகுத்த நூல் 1773-இல் வெளிவந்தது. அதில் செயிண்ட் ஹெலினாவைப் பற்றி இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. ஒன்று, தீவில் ஒரு தள்ளுவண்டிகூட இல்லை, எல்லாச் சுமையும் அடிமைகளின் தலைமேல்தான். மற்றொன்று, தீவின் ஆங்கிலேயர்கள் தம் அடிமைகளைக் கொடுமையாக நடத்துகிறார்கள்.

1775-இல் குக் இரண்டாம் முறை வந்தார். அப்போது ஆளுநராக இருந்தவர் ஜான் ஸ்காட்டோ. குக்கின் சிறுவயதுப் பள்ளிப்படிப்புக்கு உதவிய நிலக்கிழாரின் மகன். நூல் தீவுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. தீவினர் சண்டை போடவில்லை. குக் தங்கியிருந்த வீட்டின் முன்னால், அவர் வெளியே வரும்போதெல்லாம் கண்ணில் படும்படி, தள்ளுவண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி வைத்தார்கள்! குக் வெட்கப்பட்டார், அந்த வரிகள் தம்முடையவை அல்லவென்று குறித்து, தம் அடுத்த நூலில் திருத்தமும் வெளியிட்டார்.

இதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. சற்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஓரிரு நாள் கரையிறங்கிய பயணி எழுதியது தவறாக இருக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று. பயண நூல் படிக்கும் பழக்கமுள்ள நாம் மறக்கக்கூடாத பாடம். ஆனால் குற்றச்சாட்டுகள் இரண்டு. தள்ளுவண்டியைப் பற்றிய குற்றச்சாட்டுக்குத் தள்ளுவண்டியை நிறுத்தி விடை சொல்லிவிடலாம். மற்றதற்கு யாரை நிறுத்துவது? அந்த வண்டிகளை வீட்டு வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்த கைகள் யாருடையவை? வண்டி உண்டு என்று மெய்ப்பிக்க வண்டியுடையவர்க்கு வாய் இருந்தது. அடிமையின் நிலை இன்னதென்று சொல்ல அடிமைக்கு வாய்ப்பில்லை. புதிய அடிமைகளை இறக்குமதி செய்வது 1792-இல் தடைசெய்யப்பட்டது. 1818 கிறிஸ்துமஸுக்குப் பின் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் என அறிவிக்கப்பட்டது. 1830-களில்தான் எஞ்சியோர் விடுதலை பெற்றனர். குற்றச்சாட்டில் ஏதோ உண்மை இருந்திருக்கிறது என்பதற்கு இந்தச் சட்டங்களின் தேவையே சாட்சி.

*

தென்னிந்திய வரலாறு படிப்பவர்களுக்கு இத்தீவில் வேறொரு தொடர்பும் கண்ணில் படும். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலப் படையில் இருந்தவர்களில் இருவர் பின்னர் இங்கே கரையிறங்கினார்கள். ஒருவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்கால வெலிங்டன் பிரபு. 1805-இல் சென்னையிலிருந்து தாயகம் திரும்பும் வழியில் இங்கே தங்கினார். மற்றவர் அலெக்சாண்டர் பீட்சன். திப்பு சுல்தானுடன் நடந்த போரைப் பற்றி 1800-இல் பெரிய நூல் எழுதியவர். 1808 முதல் 1813 வரை செயிண்ட் ஹெலினாவின் ஆளுநராக இருந்தார். தீவின் வேளாண்மையைச் சீர்திருத்த முனைந்தார். அவர் காலத்தில், 1810-இல், சீனத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள்.

1799 ஜனவரியில் எகிப்திலிருந்த நெப்போலியன் திப்புவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அது ஆங்கிலேயர் கையில் சிக்கியது, திப்புவைச் சேரவில்லை. அதே ஆண்டு மே மாதம் திப்பு போர்க்களத்தில் இறந்தார். திப்புவை வென்ற படையில் இருந்த வெல்லெஸ்லி 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனையும் வென்றார். தோற்றவர் கொண்டுவரப்பட்டதோ, வென்றவர் பத்தாண்டுகளுக்கு முன் ஓய்வெடுத்துச் சென்ற அதே தீவுக்கு. இவற்றை எவரும் திட்டமிடவில்லை. பேரரசின் கப்பல் பாதைகள் சில. அவற்றின் நிறுத்தங்கள் அதனினும் சில. எனவே ஒரே மனிதர்கள் மீண்டும் மீண்டும் அதே படிகளில் ஏறியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நெப்போலியனின் கப்பல் 1815 அக்டோபர் 15 அன்று விரிகுடாவில் நங்கூரமிட்டது. இரண்டு நாள் கழித்து, கூட்டத்தின் கண்ணுக்குத் தப்புவதற்காக, இருட்டிய பிறகே அவர் கரையிறங்கினார். அப்படியும் ஊரே விளக்குகளோடு திரண்டு நின்றது. ஐரோப்பாவின் தலைநகரங்களில் பகலில் படையோடு நுழைந்து பழகிய ஒருவர், இரவில் ஒரு சிற்றூரின் படித்துறையில் ஏறிய காட்சி அது. அந்தப் படிகளில் ஏறியவர் மீண்டும் உயிரோடு இறங்கவில்லை.

அவர் அங்கே இருந்த ஆறாண்டுகளில் கம்பெனிக் கப்பல்களின் பயணிகளுக்குக் கரையிறங்கும் நாள் ஒரு புதுப்பொருள் பெற்றது. தண்ணீரும் காய்கறியும் அல்ல, ‘போனி’யைப் பார்ப்பது! 1817-இல் கல்கத்தாவிலிருந்து இங்கிலாந்து சென்ற ஒரு கப்பலில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். தந்தை இறந்துவிட்டார், தாய் இந்தியாவில், படிப்புக்காகச் சிறுவனை மட்டும் அனுப்பியிருந்தார்கள். பின்னாளில் ‘வேனிட்டி ஃபேர்’ எழுதிய வில்லியம் மேக்பீஸ் தாக்கரே அவன். கப்பல் செயிண்ட் ஹெலினாவில் நின்றபோது அவனுடைய பணியாளர் அவனைப் பாறைகளையும் குன்றுகளையும் தாண்டி நெடுந்தூரம் நடத்திச் சென்றார். ஒரு தோட்டத்தில் ஒரு மனிதர் உலாவிக்கொண்டிருந்தார். அவர்தான் போனபார்ட் என்று காட்டிய பணியாளர், நாளொன்றுக்கு மூன்று ஆடுகளையும் கைக்கு அகப்படும் குழந்தைகளையும் அவர் தின்றுவிடுவார் என்று சிறுவனிடம் சொன்னாராம். தாக்கரே இதைத் தம் ‘நான்கு ஜார்ஜுகள்’ சொற்பொழிவில் நினைவுகூர்ந்திருக்கிறார். அது 1860-இல் அச்சில் வந்தது.

நெப்போலியன் வரலாறுகளில் இது ஒரு குட்டிச் சிரிப்புத் துணுக்காகத் தவறாமல் இடம்பெறுகிறது. நம் கவனம் அந்தப் பணியாளரின்மேல் நிற்கிறது. தாக்கரேயின் அந்தப் பக்கத்தில் அவருக்குப் பெயர் இல்லை. நிறம் மட்டும் இருக்கிறது. இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்த ஒருவர், பிறர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் ஏவாமலேகூட இருக்கலாம், மலையேறிச் சென்று உலகின் மிகப் புகழ்பெற்ற கைதியைப் பார்த்திருக்கிறார். பார்க்க விரும்பியவர் குழந்தையா, அவரா? ஐந்து வயதுக் குழந்தைக்கு நெப்போலியன் யாரென்று என்ன தெரியும்? ஆவல் பணியாளருடையதாகவே இருந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆங்கிலேயரையே நடுங்க வைத்த மனிதர் எப்படி இருப்பார் என்று ஓர் இந்தியப் பணியாளர் பார்க்க விரும்புவதில் என்ன வியப்பு? நாற்பதாண்டு கழித்துச் சிறுவர் தம் நினைவை எழுதினார். பணியாளர் ஊர் திரும்பியிருந்தால் அவரும் யாரிடமாவது சொல்லியிருப்பார். அந்தக் கதையில் மூன்று ஆடுகள் இருந்திருக்குமா என்பது ஐயமே.

நெப்போலியன் 1821 மே 5 அன்று இறந்தார். ஒரு பள்ளத்தாக்கில், ஊற்றுக்கு அருகே புதைக்கப்பட்டார். கல்லில் என்ன பொறிப்பது என்று தகராறு. ‘நெப்போலியன்’ என்று மட்டும் பொறிக்க வேண்டும் என்றனர் அவருடைய தோழர்கள்; அது அரசர்க்குரிய வழக்கம். ‘நெப்போலியன் போனபார்ட்’ என்றே பொறிக்க வேண்டும் என்றார் ஆளுநர் ஹட்சன் லோ. இரு தரப்பும் இறங்கி வரவில்லை. கல் வெறுமையாகவே விடப்பட்டது. வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு அவன் பெயரையும் செயலையும் அதில் பொறிக்கும் மரபில் வந்த நமக்கு, எழுத்தில்லாத அக்கல் ஒரு விசித்திரம். உலகம் முழுவதும் பெயர் தெரிந்த ஒருவர், பெயரில்லாக் கல்லின்கீழ் பத்தொன்பது ஆண்டுகள் கிடந்தார். 1840 அக்டோபரில் பிரெஞ்சுக் கப்பல் வந்து பேரரச மரியாதைகளோடு உடலை எடுத்துச் சென்றது.

*

அதே 1840-ஆம் ஆண்டில் அத்தீவில் வேறொரு கரையிறக்கம் தொடங்கியது. பள்ளிப் பாடத்தில் அது இல்லை; நாமும் மிகப் பிந்தியே அறிந்தோம்.

அடிமை வணிகத்தைத் தடைசெய்திருந்த பிரிட்டன், அட்லாண்டிக்கில் தன் கடற்படையைக் கொண்டு அடிமைக் கப்பல்களைப் பிடித்துவந்தது. பிடிபட்ட கப்பல்களை விசாரிக்க 1840-இல் செயிண்ட் ஹெலினாவில் ஒரு கடல் நீதிமன்றம் அமைந்தது. பிரேசிலுக்கும் கியூபாவுக்கும் சென்றுகொண்டிருந்த கப்பல்களின் அடித்தளங்களிலிருந்து மீட்கப்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கரையிறக்க, ஜேம்ஸ்டவுனுக்கு அடுத்திருந்த ரூபர்ட் பள்ளத்தாக்கில் முகாம் அமைத்தார்கள். மரமோ நீரோ போதாத வறண்ட பள்ளத்தாக்கு. அடுத்த முப்பதாண்டுகளில் ஏறத்தாழ 27,000 பேர் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அம்மையும் வயிற்றுக்கடுப்பும் பசியும் தின்ற உடல்களோடு வந்தவர்கள். அவர்களில் சுமார் 8,000 பேர் அந்தப் பள்ளத்தாக்கிலேயே இறந்து புதைக்கப்பட்டார்கள். அவர்களும் அத்தீவில் கரையிறங்கியவர்கள்தாம். சிலர் ஒரு பகல்கூட உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

பிழைத்தவர்கள் ஊர் திரும்பவில்லை. ஊர் எது என்று கேட்டவரும் இல்லை. பெரும்பாலோர் பிரிட்டிஷ் கயானா, டிரினிடாட், ஜமைக்கா போன்ற கரும்புத் தீவுகளுக்கும் நாடுகளுக்கும் உழைப்பாளிகளாக அனுப்பப்பட்டார்கள். சில நூறு பேர் தீவிலேயே தங்கினார்கள். அடிமைகள் விடுதலை பெற்றதால் ஆளில்லாது தவித்த கரும்புத் தோட்டங்கள் அவை. அதே தோட்டங்களுக்குத்தான் 1838 முதல் கல்கத்தாவிலிருந்தும், 1845-க்குப் பின் சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் சென்றார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற கூலிக் கப்பல்கள் தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொள்ள நின்ற துறைகளில் செயிண்ட் ஹெலினாவும் ஒன்று. விரிகுடாவில் நின்ற கப்பலின் மேல்தளத்திலிருந்து தமிழ் பேசும் கண்கள் அந்தக் கரும்பாறைகளைப் பார்த்திருக்கும். அடுத்த பள்ளத்தாக்கில் கிடந்தவர்களும் தாமும் ஒரே கரும்பு ஆலைக்கு வேண்டப்பட்டவர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கடல் கடந்த தமிழர்களைப் பற்றி எழுதும்போது மொரீஷியஸும் பிஜியும் நம் நினைவுக்கு வருகின்றன. இடைவழியில் நின்ற இந்தத் தண்ணீர்த்துறை வருவதில்லை.

அக்காலத்தின் இன்னொரு செய்தி இலக்கிய வாசகர்களுக்குத் தனியாகச் சொல்லத் தக்கது. பிடிபட்ட அடிமைக் கப்பல் ஒன்றை உடைத்து அதன் மரங்களைக் கரையில் அடுக்கினார்கள். மரத்தோடு கறையானும் இறங்கியது. சில ஆண்டுகளில் ஜேம்ஸ்டவுனின் உத்தரங்களையும் கதவுகளையும் அரித்துத் தின்றது. பொது நூலகத்தின் புத்தகங்களையும் விட்டுவைக்கவில்லை. வெளியே அட்டை அப்படியே நிற்க, உள்ளே தாள்கள் மண்ணாகியிருந்தன. தீர்ப்பு எழுதத் தெரிந்த நீதிமன்றம் அந்த மனிதர்களின் பெயர்களை எழுதவில்லை. அவர்களைச் சுமந்த மரமோ எழுதப்பட்ட நூல்களைத் தின்று தீர்த்தது. நாம் இதற்கு உவமை எதுவும் தேட வேண்டியதில்லை. நடந்ததே போதும்.

*

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் குறுக்கு வழி கிடைத்தது. நீராவிக் கப்பலுக்குக் காற்றின் தயவும் தேவையில்லை. 1855-இல் சுமார் 1,100 கப்பல்கள் வந்த துறைக்கு 1889-இல் 300 கூட வரவில்லை. அதன்பின் தீவு மீண்டும் சிறையானது: ஜூலு அரசர் தினுசுலு 1890 முதல் 1897 வரை, 1900 முதல் சுமார் 6,000 போயர் போர்க்கைதிகள். நார்ப்பயிர் வளர்த்துத் தபால் பைகளுக்கான நார் விற்றுப் பிழைத்தார்கள்; செயற்கை நார் வந்ததும் 1960-களில் அந்தத் தொழிலும் மடிந்தது. கேப்டவுனிலிருந்து ஐந்து நாள் பயணமாக வந்துபோன தபால் கப்பல் 2018 பிப்ரவரியில் தன் கடைசிப் பயணத்தை முடித்தது. 2017 அக்டோபரில் பயணிகள் விமானம் வந்துவிட்டிருந்தது.

அந்த விமான நிலையம்தான் ரூபர்ட் பள்ளத்தாக்கை மீண்டும் திறந்தது. சாலை அமைப்பதற்கு முன் 2008-இல் தொல்லியலாளர்கள் அகழ்ந்தபோது 325 பேருடைய எலும்புகள் கிடைத்தன. பெரும்பாலோர் சிறுவர்களும் இளையவர்களும். பலர் ஒரே குழியில், பெட்டி இல்லை. சிலருடன் மணிகள், வளைகள், துணி நாடாத் துண்டுகள், அடையாள எண் பொறித்த உலோக வில்லைகள். கப்பலின் அடித்தளத்தையும் தாண்டி ஒரு மணிச்சரத்தைக் கழுத்தில் காத்து வைத்திருந்த குழந்தையை நாம் எண்ணிப் பார்க்கிறோம். வீட்டில் கட்டிவிட்ட கை யாருடையது?

அவ்வெலும்புகள் ஜேம்ஸ்டவுனில் ஒரு கிடங்கில் பல ஆண்டுகள் பெட்டிகளில் இருந்தன. உடல் எடுக்கப்பட்ட நெப்போலியனின் வெற்றுக் கல்லறை வேலியிட்டு, பூச்செடி வைத்துப் பேணப்பட்டுக்கொண்டிருக்க, உடல்களோ கல்லறையின்றிக் கிடங்கில் இருந்தன. தீவினர் சிலரே இதைக் கேள்வியாக எழுப்பினார்கள். கடைசியில் 2022 ஆகஸ்டில் அவர்கள் அதே பள்ளத்தாக்கில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டார்கள். இன்றைய தீவு மக்களின் குருதியில் ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் இந்தியாவும் சீனாவும் கலந்திருக்கின்றன. அவர்களுக்கு அது அயலார் அடக்கமன்று.

வரலாறு எழுதுவோரைக் குறை சொல்வது நம் எண்ணமன்று. எழுதப்பட்டதிலிருந்துதான் எழுத முடியும். லோப்பஸின் சேவலை ஒருவர் எழுதி வைத்ததால்தான் நாம் அறிகிறோம். குக்கின் நூலில் தவறு இருந்ததால்தான் தள்ளுவண்டிகள் நமக்குத் தெரிகின்றன. தாக்கரே பேசியதால்தான் பெயரில்லாத பணியாளரேனும் நமக்குக் கிடைத்தார். ஆனால் படிக்கும் நாம், பக்கத்தின் நடுவில் நிற்பவரை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். ஒரு பகல் கரையிறங்கும் பயணி, நேரம் இல்லையென்று லாங்வுட்டை மட்டும் பார்த்துவிட்டுப் படகுக்கு ஓடுவதைப் போல.

ஜேம்ஸ்டவுன் படித்துறையிலிருந்து லாங்வுட் மலைமேல் சில மைல் தொலைவு. ரூபர்ட் பள்ளத்தாக்கோ அடுத்த மலையின் மறுபக்கம்தான். எப்போதாவது நம் வாசகர் எவரேனும் அந்தக் கயிற்றைப் பற்றிக் கரையேறும் வாய்ப்புப் பெற்றால், பகலில் ஒரு மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்கட்டும்.